மஞ்சள் மண்டிக்கு விலை ஏபிஐ: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தால் தெரிவது

ஈரோட்டு விலையைத் தெரிந்துகொள்ள ஈரோட்டு மண்டிக்காரருக்கு ஏபிஐ (இணையத் தளத்திலிருந்து தகவலை நம் கணினிக்குத் தானாக எடுத்துத் தரும் வசதி) தேவையில்லை. ஏலம் முடிந்த சூட்டோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிராவின் சாங்லியிலும் மஞ்சள் இன்று என்ன விலைக்குப் போனது என்பதற்குத்தான் அது வேண்டும். வடக்கத்தி வியாபாரி அங்கெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் இங்கே போன் போடுகிறார். அதே கணக்கு நம் மேஜையிலும் இருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

தொடங்குவதற்கு மத்திய அரசின் டேட்டா.ஜிஓவி.இன் தளத்தில் உள்ள தினசரிச் சந்தை விலைத் தொகுப்பே போதும், காசில்லை. பதிவு செய்து சொந்தச் சாவி (ஏபிஐயைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரிச் சாவியில் ஒரு தடவைக்கு 10 வரிதான் வரும். சொந்தச் சாவி போட்டும் 'நிஜாமாபாத்தைக் காணோமே' என்றால், எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட் எண்ணைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு வரியிலும் சந்தை, ரகம், தேதியோடு குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை (பெரும்பாலான சரக்கு போன விலை) என்று மூன்று இருக்கும். எல்லாம் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. மோடலை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டே மூட்டை நல்ல சரக்கு வந்தாலும் அதிக விலை எகிறிவிடும். விரலியையும் (விரல்போல நீண்ட மஞ்சள்) அதைவிட விலை குறைவாகப் போகும் கிழங்கையும் (உருண்டை மஞ்சள்) தனித்தனியாக வையுங்கள். சேர்த்துச் சராசரி போட்டால், கிழங்கு வரத்து கூடிய நாளில் சந்தையே விழுந்ததுபோலத் தெரியும். விலையை எண்ணாக மாற்றிய பிறகே வரிசைப்படுத்துங்கள். எழுத்தாகவே விட்டால் 12000க்கு மேலே 9000 போய் உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையான பயன் சேமிப்பில் இருக்கிறது. இந்தத் தொகுப்பு அன்றைய விலையைத்தான் தரும். நேற்றையது வேண்டுமென்றால் நேற்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். விலையை எடுத்துச் சேமிக்கும் நிரலை இரவு ஒரு முறை ஓடவிடுங்கள், தாமதமாக ஏற்றும் சந்தைகளுக்காக மறுநாள் காலையில் இன்னொரு முறை. ஒரே வரி இரண்டு தடவை ஏறாமல் இருக்க சந்தை, ரகம், தேதி மூன்றையும் சேர்த்து அடையாளமாக்குங்கள். லீவு நாளில் கட்டம் காலியாகவே இருக்கட்டும். முந்தைய நாள் விலையை இழுத்து நிரப்பினால், பொங்கல் வாரத்தில் விலை அசையாமல் நின்றதாக வரைபடம் பொய் சொல்லும். அதை நம்பிச் சரக்கைப் பிடித்து வைத்தால் நட்டம் நமக்குத்தானுங்க.

இரண்டு சந்தைகளுக்கு இடையே குவிண்டாலுக்கு 600 ரூபாய் வித்தியாசம் என்றால் கிலோவுக்கு 6 ரூபாய். அதில் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, தரகு, சாக்கு எல்லாம் கழித்து மிஞ்சுவதே பேச வேண்டிய தொகை. என்சிடிஇஎக்ஸ் என்ற வேளாண் பொருள் சந்தையின் வாயிதா விலையை (பின்னொரு தேதிக்கு இப்போதே பேசும் விலை) இதோடு கலக்க வேண்டாம். அது நிஜாமாபாத்தை மையமாக வைத்தது. நிமிடத்துக்கு நிமிடம் விலை தரும் கட்டண ஏபிஐ வாயிதா ஆடுபவர்களுக்குத்தான். நாளுக்கு ஓர் ஏலம் பார்க்கும் மண்டிக்கு அது வீண் செலவு.

ஈரப்பதமும் பாலிஷும் எந்த வரியிலும் வராது. அதற்கு மாதிரிப் பையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, 'டக்' என்று சத்தம் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.