வூஸ்டர் தெரு பீட்சா வீட்டு அவனில் வருமா? எஃகுத் தகடு, இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

வூஸ்டர் தெரு பீட்சாக் கடைகளுக்குப் பேர்போன அமெரிக்க ஊரான நியூ ஹேவனில் வளர்ந்து வெளியூர் போனவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி: அந்த பீட்சா வீட்டு அவனில் வருமா? விடை: அவனுக்குள் காயவைத்து அதன்மேல் பீட்சா சுடும் எஃகுத் தகடு இருந்தால் அடிப்பக்கம் வரும், மேல்பக்கத்துக்குத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த ஊரில் பீட்சாவை ‘அபீட்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். 1925இல் பிராங்க் பெப்பே தொடங்கிய கடையிலும், 1938இல் வந்த சாலீஸிலும் எரிவது நிலக்கரி. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் உலர்ந்த சூடு அது. விளிம்பு கருகி, ஓரம் கோணலாக, காகிதம் விரித்த தட்டில் வரும்; எடுத்துத் தின்றால் விரலில் கரி ஒட்டும். அந்தக் கரியைத் தீய்ந்தது என்று சொல்பவருக்கு இந்தத் தகடே வேண்டாம். வெறும் தக்காளி, துருவிய பெக்கரீனோ சீஸ், ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் போட்டதுதான் சாதா பீட்சா. மொஸரெல்லா சீஸ் வேண்டுமானால் ‘மூட்ஸ்’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

6 மி.மீ. கனம், 7 கிலோ எடையுள்ள தகடு அடிப்பக்கத்தை அருமையாகச் சுடுகிறது. பீட்சா கல்லைவிட எஃகு பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால், ஆறே நிமிடத்தில் அடியில் சிறுத்தைப் புள்ளி விழுந்துவிடும். மாவுக் கணக்கு: பிரெட் மாவு 500 கிராம், தண்ணீர் 330, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கட்டும். 280 கிராம் வீதம் மூன்று உருண்டை வரும். ஒரே நாளில் பொங்கவைத்த மாவில் அந்த லேசான புளிப்பும் வராது, மென்றால் இழுபடும் பதமும் வராது.

இரண்டு வருடமாகத் தீராத எரிச்சல் மேல் ஹீட்டர்தான். 550 ஃபாரன்ஹீட்டில், அதாவது 288 டிகிரியில், ஒரு மணி நேரம் தகட்டைக் காயவைத்துவிட்டு, மேல் ஹீட்டரை மட்டும் எரியவைக்கும் பிராய்லர் முறையைப் போட்டால் பல அவன்களில் ஹீட்டர் சிவக்கவே சிவக்காது. உள்ளே காற்று ஏற்கெனவே உச்சச் சூட்டில் இருப்பதால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. கீழே மாவு கருகத் தொடங்கும், மேலே விளிம்பு வெளுத்துக் கிடக்கும். மூன்று நாள் காத்திருந்த மாவு இப்படி வீணாகும்போது வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தகடு விற்பவர்கள் இதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. தகட்டை மேலிருந்து இரண்டாவது தட்டில், ஹீட்டருக்கு ஒரு சாண் கீழே வையுங்கள். மாவைப் போடுவதற்கு முன் கதவை அரை நிமிடம் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு பிராய்லரை முழுதாகப் போடுங்கள். காற்று ஆறினாலும் எஃகு ஆறாது. ஹீட்டர் செக்கச் சிவந்ததும் பீட்சாவை உள்ளே தள்ளுங்கள். இரண்டு நிமிடம் பிராய்லர், பிறகு பழையபடி பேக் முறையில் நான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்புதல். அடுத்த பீட்சாவுக்குப் பதினைந்து நிமிடம் இடைவெளி கட்டாயம். அவசரப்பட்டால் இரண்டாவதன் அடி வெளுத்துத்தான் வரும்.

தக்காளி பீட்சா இப்படிச் செய்தால் ஏமாற்றுவதில்லை. டப்பாத் தக்காளியைக் கையால் பிசைந்து, வடிகட்டி, உப்பு மட்டும் போடுங்கள், சமைக்கக் கூடாது.

பெப்பே கடை 1960களில் கொண்டுவந்த வெள்ளை மட்டி பீட்சா வேறு கதை. லிட்டில்நெக் என்னும் சிறிய மட்டியை உயிரோடு வாங்கி, ஓட்டைத் திறந்து, சாற்றை முழுக்க வடித்து, பூண்டு, ஓரிகானோ, பெக்கரீனோ, எண்ணெயோடு பரப்பினாலும் சுடும்போது மட்டி மறுபடி நீர் விடுகிறது. நிலக்கரி அடுப்பு அந்த நீரை உடனே உறிஞ்சிவிடும். வீட்டு அவன் ஆவியை உள்ளேயே வைத்திருப்பதால் நடுப்பகுதி சொதசொதக்கும். மட்டியைப் பாதியாகக் குறைத்தால் சரியாகிறது, ஆனால் அந்த பீட்சாவுக்கு உயிரே மட்டி நிறைந்திருப்பதுதான்.

பராமரிப்பில் பெரிய வேலையில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் துருப்பிடிக்கும். தக்காளி சிந்திய இடத்தில் எண்ணெய்ப் பூச்சு உரியும். சுரண்டி, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசிச் சூடாக்கினால் போதும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், மட்டி பீட்சா ஏக்கத்தில் இருப்பவர் இதை வாங்க வேண்டாம். அந்தக் காசில் வூஸ்டர் தெருவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும்.