காணியைப் பார்ப்பது எப்படி: மேசையிலா, மழையிலா, மண்ணைத் துளைத்தா?

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியில் 14 பேர்ச் காணி வாங்கிய ஓர் அண்ணர், வீட்டுப் படம் கீறித் தரும்படி போன வருடம் என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் வளர்ந்தவர்; ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச். "ஒன்றரைப் பரப்புக்கூட இல்லை தம்பி, இதிலை பார்க்க என்ன இருக்கு? நாலு அறை, முன்னுக்கு ஒரு போர்ட்டிகோ, கீறுங்கோ" என்றார். காணியைப் பார்க்காமல் நான் பென்சில் எடுப்பதில்லை என்றேன். "சரி, பார்க்கிறதெண்டால் எப்பிடிப் பார்க்கிறது? எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கொழும்பில் வீடு கட்டுகிற பலர் இதைக் கேட்பதே இல்லை. எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆகும் செலவு வேறு, சொல்லும் சேதியும் வேறு.

செலவு குறைந்தது மேசையில் இருந்து பார்ப்பது. காணி உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோடு எங்கே என்று காட்டும் உள்ளூராட்சி சபையின் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழ், நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலயம், கால்வாய் ஒதுக்கு நிலம் எல்லாம் இதில் அடங்கும். அந்தக் காணியில் எதைச் செய்யக்கூடாது என்பதைக் கடதாசிதான் சொல்லும். நாளை வீதி அகலமாகும்போது அண்ணரின் போர்ட்டிகோவில் பாதி போகுமா என்பதை எந்த மழையும் எந்த மண்ணும் சொல்லாது. கூகுள் ஏர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: இன்று செம்மண் போட்டு மட்டமாக இருக்கும் இடம் முன்பு பச்சை வயலா, சதுப்பா என்பது. வயலை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தையும் கேட்க வேண்டும். விற்றவர் அந்தக் கடிதங்களைக் காட்டவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

ஆனால் அண்ணரின் நில அளவைப் படத்தில் எல்லைகள் அங்குலம் பிசகாமல் இருந்தன, உயரம் பற்றி ஒரு சொல் இல்லை. கொழும்பில் வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் ஒரு மீற்றர் உயரம். பொதுவான வரைபடங்களின் உயரக் கோடுகளில் அந்த ஒரு மீற்றர் தெரியாது.

அதனால் மழையில் போய்ப் பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், மாலபே பக்கம் ஒரு குடும்பத்துக்காக மாசி மாதத்தில் காணி பார்த்தேன். தரை காய்ந்து, புல் கருகிக் கிடந்தது. நம்பிப் படம் கீறினேன். அடுத்த ஐப்பசியில் அவர்களின் குசினிக்குள் தண்ணீர் நின்றது. அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

அண்ணரையும் அதனால் ஐப்பசியில், நல்ல மழை விட்ட ஒரு பின்னேரம் கூட்டிப் போனேன். காணிக்குள் போகுமுன் அயலைப் பார்த்தோம். எதிர்வீடு பழையது, வீதியிலிருந்து ஐந்து படி ஏறித்தான் விறாந்தை. மின்மானி தோள் உயரத்துக்கு மேலே. பின்வேலிக்கு அப்பால் ஈரநிலத்தில் வளரும் கங்குன் கீரைப் பாத்தி. இத்தனையும் தண்ணீர் தெரிந்தவர்கள் விட்டுவைத்த அடையாளங்கள். மூலைக்கடை நானாவிடம் கேட்டேன். அவர் சுவரில் கை வைத்து, "2016 வைகாசியில் இவ்வளவு" என்றார். அவருடைய இடுப்பு உயரம். வானத்துத் தண்ணீரை விடக் கால்வாய்த் தண்ணீர்தான் பயம் என்றும் சொன்னார். களனி கங்கை நிரம்பி நிற்கும்போது கால்வாய்க்கு இறங்க வழியில்லை, அது திரும்பி ஊருக்குள் ஏறுகிறது. அங்குள்ள பெண்களிடம் வேறொன்று கேட்க வேண்டும்: எந்த மாதம் கழிப்பறை உள்வாங்க மறுக்கிறது? மூன்று அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை. கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறுகுழி அங்கே வேலை செய்யாது என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

தென்மேற்குச் சாரல் எந்தச் சுவரில் அடிக்கும், மேற்கு வெயில் எந்த அறையைச் சுடும், எந்த மரம் நிழல் தரும் என்பதும் அந்த ஒரு பின்னேரத்தில் கிடைத்தது. செலவு முச்சக்கரவண்டிக் காசும் தேநீரும்தான்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும் மழை காட்டாது. அதற்குத்தான் மூன்றாவது வழி, துளை போட்டு மண் பரிசோதனை. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். அண்ணருக்கு விலையைக் கேட்டதும் முகம் மாறியது. "அந்தக் காசுக்கு இரண்டு அறைக்கு டைல்ஸ் போடலாமே" என்றார். மீதொட்டமுல்ல அங்கிருந்து தூரமில்லை. சதுப்பு நிலத்தில் குவித்த குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு அன்று சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஞாபகப்படுத்தினேன். வீட்டின் பாரமும் குப்பையின் பாரமும் ஒன்றல்ல, ஆனால் இளகிய நிலம் பாரத்துக்கு எப்படி நடக்கும் என்று தெரியாமல் அதன் மேல் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது என்றேன். ஒத்துக்கொண்டார்.

துளை போட்டோம். மேலே இரண்டரை மீற்றர் நிரப்பிய மண், உள்ளே செங்கல் துண்டும் பொலித்தீனும். அதற்குக் கீழே கறுப்பு பீட் மண். அழுகிய தாவரமும் தண்ணீருமாக இருக்கும், பாரம் வந்தால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். அதையும் தாண்டித்தான் கபுக் எனும் செம்பாறை கலந்த இறுகிய மண் கிடைத்தது.

இனி எது மேல்? இடத்தைப் பொறுத்தது. வெள்ளவத்தையில் மேட்டுக் காணி என்றால் கடதாசிக்கு முதலிடம் கொடுப்பேன். அங்கே வீதிக்கோடும், பக்கத்து மாடி மறைக்கும் காற்றும் வெளிச்சமும்தான் பிரச்சினை. கொட்டாஞ்சேனை மேட்டிலும் அப்படித்தான். களனியை அண்டிய வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமோ, முத்துராஜவெல சதுப்பை ஒட்டிய வத்தளைப் பக்கமோ என்றால் மழைப் பயணம் முதலில், துளை கட்டாயம். கையில் காசு குறைவு என்பவருக்கும் இதையே சொல்வேன்: அறையைக் குறையுங்கள், துளையைக் குறைக்காதீர்கள். முற்பணம் கொடுக்குமுன் மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் துளைக்கே தேவை வராமல் போகலாம், ஏனென்றால் அந்தக் காணியை வாங்க மாட்டீர்கள்.

அண்ணர் வாங்கிவிட்டார், அதனால் அந்த யோசனை அவருக்குப் பிந்தி வந்தது. நாலு அறை மூன்றாகியது. போர்ட்டிகோ போய்விட்டது. வீடு தூண்களில் நிற்கிறது. புதிய படத்தை விரித்துக் காட்டியபோது நெடுநேரம் பார்த்திருந்தார்.

"எதிர்வீட்டுக்கு எத்தனை படி எண்டு சொன்னீங்கள்?"

"ஐந்து, அண்ணை."

"அப்ப எங்களுக்கு ஏழு வையுங்கோ."