ஆன்லைன் டியூஷன் வேலை: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்

"வீட்டிலிருந்தே கற்பியுங்கள், வளைகுடா நாட்டு மாணவர்கள், மணிக்கு 600 ரூபாய் வரை, அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு முன்னுரிமை." இந்த வகை விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கப் போகும் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட ஓர் இடைத்தரகு நிறுவனத்தில் 2023–24 கல்வியாண்டில் கணிதம் கற்பித்தேன். எனக்குச் சேர வேண்டிய பணத்தில் கணிசமான பகுதி இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அவர்கள் எப்படிச் செயல்பட்டார்கள் என்பதை விவரமாகச் சொன்னால் மற்றவர்களாவது தப்பித்துக்கொள்வார்கள்.

நான் முதுகலைக் கணித ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியார் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். குரல்வளையில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் உரக்கப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு வேலையை விட்டேன். எங்கள் தொழிலில் இது பலருக்கு வருகிற தொல்லைதான். ஒரே ஒரு பிள்ளைக்கு மைக் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிச் சொல்லித் தரும் ஆன்லைன் வகுப்பு எனக்குப் பொருத்தமாக இருந்தது. பேனா டேப்லெட் வாங்கினேன், இணைய இணைப்பை மாற்றினேன், விண்ணப்பித்தேன்.

முதலில் "சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம்" என்று 1,500 ரூபாய் கேட்டார்கள். தர முடியாது என்றேன். அடுத்த நிமிடமே, "உங்கள் அனுபவத்தை மதித்துத் தள்ளுபடி செய்கிறோம் மேம்" என்று பதில் வந்தது. உண்மையிலேயே சரிபார்ப்பு நடப்பதாக இருந்தால், அதற்கான செலவு ஒரு தொலைபேசிப் பேச்சில் எப்படி மறைந்துபோகும்? என்னைப் போல மறுக்காமல் அந்தத் தொகையைக் கட்டியவர்கள் பலர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களில் சிலருக்கு ஒரு மாணவர்கூடக் கிடைக்கவில்லை. வேலை தருவதற்கு முன் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் வைப்புத்தொகை என்று எதைச் சொன்னாலும், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து டெமோ வகுப்பு. பெற்றோர் ஆசிரியரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு மாதிரி வகுப்பு கேட்பது நியாயமானது. அதற்குச் சம்பளம் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இவர்கள் கேட்டது முழு ஒரு மணி நேர வகுப்பு, அதுவும் அவர்கள் சொல்லும் தலைப்பில். ஒரு குழந்தைக்கு முக்கோணவியல், இன்னொன்றுக்கு இருபடிச் சமன்பாடு, வேறொன்றுக்குப் புள்ளியியல். அத்தனை டெமோக்களுக்குப் பிறகும் "பெற்றோர் யோசிக்கிறார்கள்" என்பதுதான் பதில். ஷார்ஜாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தைதான் எனக்கு உண்மையைச் சொன்னாள். "போன வாரம் வேற மிஸ் நிகழ்தகவு எடுத்தாங்க, அதுக்கு முந்தின வாரம் ஒரு சார் வந்தாங்க" என்று இயல்பாகச் சொன்னாள். அவள் தந்தை ஏற்கெனவே திர்ஹாமில் முழுத் தொகுப்புக்கும் பணம் கட்டியிருந்தார். அந்த வகுப்புகளைத்தான், வேலை தேடி வருகிற ஆசிரியர்களின் இலவச டெமோக்களைக் கொண்டு நிறுவனம் நிரப்பிக்கொண்டிருந்தது. பணம் கட்டிய தந்தைக்கும் தெரியாது, பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு முகம் மாறினால் அந்தக் குழந்தை யாரிடம் சந்தேகம் கேட்கும்? எனக்குப் பணம் வராததைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

சில மாதங்கள் கழித்து, அந்த நிறுவனத்தின் விளம்பரக் காணொளி ஒன்றில் என் குரலைக் கேட்டேன். என் டெமோ வகுப்பில் வெட்டி எடுத்த பகுதி அது. பதிவுகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் என் கைக்கு வந்ததே டெமோக்கள் எல்லாம் முடிந்து, ஒரு மாணவரை ஒதுக்கிய பிறகுதான்.

மணிக்கு 600 ரூபாய் "வரை" என்றார்களே, எனக்குத் தந்தது 250. அதுவும் மாதம் முடிந்து 45 நாள் கழித்து. அதிலும் பிடித்தங்கள். மாணவர் வராத வகுப்புக்குப் பணம் கிடையாது, ஆனால் நாம் அந்த நேரம் முழுவதும் திரையின் முன் காத்திருக்க வேண்டும். இணைப்பு இரண்டு நிமிடம் அறுந்தால் தரக்குறைவு அபராதம். மாணவர் பாதியில் விலகினால், அதற்கு முந்தைய மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்தம். என் மாணவன் ஒருவன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் பேசிக் கணிதம் எடுத்திருந்தான். 2020 தேர்விலிருந்து பேசிக் (எளிது), ஸ்டாண்டர்ட் (அதைவிடக் கடினம்) என்று இரண்டு நிலைகள் இருப்பது இந்தத் துறையில் இருக்கிற எவருக்கும் தெரியும். விற்பனைப் பிரிவினர் அவன் பெற்றோரிடம், ஸ்டாண்டர்டுக்கு மாற்றி 90க்கு மேல் வாங்க வைப்போம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். பையனுக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதமே தகராறு. நான் அதிலிருந்து தொடங்கினேன். அதுதான் சரியான வழி. பெற்றோர் கோபப்பட்டு விலகினார்கள். பொய் வாக்குறுதி தந்தவர்களுக்கு ஊக்கத்தொகை, உண்மையாகச் சொல்லித் தந்த எனக்குப் பிடித்தம்.

இனி வரிப் பிடித்தம் பற்றி. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சுயதொழில் செய்பவராகச் சேரும் ஆசிரியருக்கு நிறுவனம் தருவது சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். அந்த ஆண்டின் விதிப்படி, அது ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டினால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின் கீழ் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள் (2025 ஏப்ரலில் இந்த வரம்பு 50,000 ஆனது). பிடித்த தொகையை அரசுக்குக் கட்டி, பிடித்ததற்குச் சான்றாக நமக்கு 16ஏ படிவம் தர வேண்டும். எனக்குத் தந்த ஒவ்வொரு கட்டணப் பட்டியலிலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்று கழித்திருந்தார்கள். 2023–24இல் புதிய வரி முறையில் ஏழு லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே அந்தத் தொகை முழுவதும் எனக்குத் திரும்பி வர வேண்டிய பணம். கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்து, வருமான வரி இணையதளத்தில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அரசின் பெயரைச் சொல்லி என் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் இருப்பது அதே சட்டத்தின் 276பி பிரிவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பட்டியல்களை இணைத்து வரித் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காலாண்டுக் கணக்கு பதிவேறியதும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். உங்களிடம் பிடித்த தொகை அங்கே இல்லையென்றால், அந்த நிறுவனத்துக்கு மேலும் ஒரு வகுப்புகூட எடுக்காதீர்கள்.

இதைக் கேட்டு நான் அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில், "வேறு எந்த ஆசிரியரும் இப்படிக் கேட்பதில்லை மேம்." ஏன் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் இரவில் வகுப்பெடுப்பவர்களில் பலர் பகலில் பள்ளியில் வேலை செய்பவர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆம் பிரிவு, பணியில் இருக்கும் ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. புகார் கொடுத்தால் பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விலகும்போது இன்னொரு மிரட்டல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எங்கும் ஆன்லைனில் கற்பிக்கக் கூடாது, மீறினால் 50,000 ரூபாய் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். வழக்கு என்றால் அவர்கள் இருக்கும் வடமாநில நகரத்தில்தானாம். வழக்கறிஞரிடம் காட்டினேன். விலகிய பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு மிரட்டல் நின்றுவிட்டது. கடிதத்தைக் கண்டு நின்றது மிரட்டல்தான், பாக்கி வரவில்லை.

தனியாக மாணவர் தேடத் தொடங்கியதும் வேறொரு கூட்டம் வந்தது. நான் ராணுவ அதிகாரி, என் மகளுக்கு மூன்று மாத டியூஷன், முழுத் தொகையையும் முன்பணமாகத் தருகிறேன் என்று இந்தியில் பேசினார் ஒருவர். அடையாள அட்டையின் படமும் அனுப்பினார். மகள் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள் என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார். இணைப்பைத் துண்டித்து எண்ணைத் தடுத்துவிட்டேன். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையில்லை. பின் கேட்டால் நம் பணம் போகிறது என்று பொருள். இதே கதையைச் சொல்லி ஆசிரியர்களையும் வீடு வாடகைக்கு விடுபவர்களையும் பல ஆண்டுகளாக ஏமாற்றுகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

இப்போது பழைய மாணவர்களின் பெற்றோர் வழியாக வரும் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். டெமோ அரை மணி நேரம், தலைப்பை நான் முடிவு செய்வேன், பதிவு செய்ய அனுமதி இல்லை. நான்கு வகுப்புகளுக்கான கட்டணம் முன்கூட்டியே வர வேண்டும். நிறுவனம் வழியாகத்தான் மாணவர் வருவார் என்ற நிலையில் இருப்பவர்கள், ஒப்பந்தம் போடும் முன்பே, சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் உங்களைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் இது இலவசம், கட்டணம் கேட்கும் தளங்கள் போலி அல்லது தரகு. பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை நம் மாநிலத்திலேயே விசாரிக்கலாம், அவர்களுடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அந்த நிறுவனம் இப்போது வேறு பெயரில் ஆள் எடுக்கிறது. விளம்பர வாசகமும் அதேதான், பேசுகிற ஒருங்கிணைப்பாளரும் அவரேதான். உங்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டும் முன் முழு மணி நேர டெமோ கேட்டார்கள் என்றால், முந்தைய ஆசிரியர் ஒருவருக்குத் தந்த 16ஏ படிவத்தின் நகலைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அறிந்தவரை அவர்களால் அதைக் காட்ட முடியாது.