மெழுகா, த்ரீடி அச்சா? சுவாமிமலை வார்ப்புக்கு எது ஒத்துவரும்

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்க முதலில் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். அந்த உருவைக் கையால் மெழுகில் செய்வதா, த்ரீடி அச்சில் எடுப்பதா என்பதே கேள்வி. கைமெழுகு என்றால் தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். கோடையில் குங்கிலியத்தைக் கூட்டாவிட்டால் விரல்நுனிகள் தொய்ந்துவிடும். அளவு தென்னை ஓலைக் கீற்றை மடித்து எடுப்பது; உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறைக்கு 124 அங்குலம் (இங்கே அங்குலம் என்பது இஞ்ச் அல்ல, சிலை உயரத்தில் 124-ல் ஒரு பங்கு). அந்தக் கட்டுக்குள்ளும் இடுப்பு எவ்வளவு வளையலாம் என்பது ஸ்தபதியின் கை.

த்ரீடி அச்சுக்குக் கணினியில் 1 அடி உருவை 3 அடியாக்க ஒரு நொடி போதும். வசதிதான். ஆனால் சின்ன உருவில் எடுப்பாக இருந்த மாலை பெரியதில் வெறும் கயிறாகத் தெரியும். நகையைப் புதிதாகச் செதுக்கியே ஆக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான சிக்கல் வார்ப்பில். மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசி நிழலில் உலர்த்தி, மேலே மணல் கலந்த களிமண் அப்பி, கம்பி கட்டி வறட்டித் தீயில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். த்ரீடி அச்சு ரெசின் பெரும்பாலும் உருகாது, எரிந்துதான் போக வேண்டும். சூட்டில் முதலில் விரிந்து மேலே பூசிய மண் கூட்டைக் கீறும். வறட்டிச் சூடும் போதாது; 700 டிகிரியைத் தாண்டும் சூளை இல்லையென்றால் சாம்பல் தங்கி, முகத்திலேயே குழி விழும்.

த்ரீடி அச்சுதான் வேண்டுமென்றால், அந்த உருவிலிருந்து சிலிகோன் ரப்பரில் வார்ப்புக் கூடு எடுத்து அதில் மெழுகு ஊற்றுங்கள். மெழுகை எடைபோட்டு, அந்த எடையைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு உலோகம் என்ற பழைய கணக்கும் அப்போது உதவும். கண், உதடு, விரல் மூன்றையும் மெழுகிலேயே கையால் திருத்தாவிட்டால் பத்துச் சிலைக்கும் ஒரே முகம். பரிசுப்பொருளுக்கு அது குறையில்லை; பூசைக்குப் போகும் சிலைக்குக் கைமெழுகே என் தேர்வு.