வெள்ளாட்டுக்கு ஸ்பாஞ்ச்: மருந்தில் குறையில்லை, நூலில்தான்

குடியாத்தம் பக்கம் பால் ஆடு வைத்திருக்கும் நண்பர் கேட்டது: எல்லா ஆட்டையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர 11 நாள் ஸ்பாஞ்ச் (ஹார்மோன் மருந்து ஏற்றி, ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைத்து, நூலை மட்டும் வெளியே விடும் பஞ்சு) நல்லதா, ரெண்டு ஊசி நல்லதா? ஸ்பாஞ்சுக்குள் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் நேராக அந்த நூலுக்கே வருகிறேன்.

ஸ்பாஞ்ச் வைத்ததும் வெளியே தொங்கும் நூலை எவ்வளவு விட்டு வெட்டுவது? அப்படியே விட்டால் ரெண்டாம் நாளே மூத்திரமும் கசிவும் அதில் காய்ந்து, வைக்கோல் துண்டு மாதிரி விறைத்து நிற்கும். பக்கத்து ஆட்டுக்கு அது தழைக்காம்பு. கவ்வி ஒரு இழு, ஸ்பாஞ்ச் தரையில் கிடக்கும். அதற்குப் பயந்து ஒட்ட வெட்டினால் நூல் சுருண்டு உள்ளே போய்விடும். எடுக்க வேண்டிய நாளில் பிடிக்க ஒன்றும் இருக்காது. மூன்று விரல் அகலம், அதாவது சுமார் 5 செ.மீ. விட்டால் சரிப்பட்டு வருகிறது. வெட்டும் முன் லேசாக இழுத்து, ஸ்பாஞ்ச் உள்ளே உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூல் கண்ணில் படவில்லை என்றால் "விழுந்திருக்கும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. உள்ளேயே இருந்தால் ஒட்டிக்கொண்டு சீழ் வைக்கும். 3-ம் நாள் ஒருமுறை, ஊசி போடும் 9-ம் நாள் ஒருமுறை, வாலைத் தூக்கி ஒவ்வொரு ஆட்டையும் பாருங்கள். காணோம் என்றால் டாக்டரை வைத்து ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) போட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும், அன்றைக்கே. இதுவரை குட்டி போடாத கிடேரிகளுக்கு ஸ்பாஞ்சே வேண்டாம். ஸ்பாஞ்ச் வைக்கும் குழலை நுழைக்கும்போதே புண்ணாகும், பிறகு ஒட்டிக்கொள்ளும்.

எடுக்கும்போது நூலைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நூல் மட்டும் கையோடு வரும். கூடவே கொட்டும் கலங்கல் நீரின் நாற்றம் கை கழுவினாலும் போகாது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முதல் தடவை பார்ப்பவர் ஆட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயப்படுவார். நீர்த்த கசிவு வழக்கம்தான், ஒன்றிரண்டு நாளில் நிற்கும். கெட்டியான சீழோ ரத்தமோ வந்தால்தான் டாக்டர். எடுத்த ஸ்பாஞ்சை ஆழமாகப் புதைக்கவும். அதில் இன்னும் மருந்து மிச்சமிருக்கும், நாய் கவ்வக் கூடாது.

இவ்வளவு திட்டினாலும், நேரம் தவறாமல் வேலை செய்வதில் இதை அடிக்க ஆளில்லை. 9-ம் நாள் குளோப்ரோஸ்டினால் (புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து) ஊசியும், பிஎம்எஸ்ஜி (சினைமுட்டை வளரத் தூண்டும் ஹார்மோன்) ஊசியும், 11-ம் நாள் ஸ்பாஞ்சை எடுப்பது. திங்கள் மாலை 6 மணிக்கு எடுத்தால் செவ்வாய் இரவிலிருந்தே வாலாட்டலும் கத்தலும் தொடங்கும். கிடா சேர்ப்பதானால் புதன் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. உறைவிந்து ஊசி என்றால் எடுத்ததிலிருந்து 43–45 மணி நேரம், அதாவது புதன் பகல் 1 மணியிலிருந்து 3 மணிக்குள். பிஎம்எஸ்ஜியில் தாராளம் காட்ட வேண்டாம். பெரிய சீமைப் பால் ஆடுகளுக்குச் சொல்லும் 500 அலகை நம்ம 30 கிலோ ஆட்டுக்குப் போட்டால் மூன்று குட்டி வந்து நிற்கும், அப்புறம் கறக்கப் பால் ஏது? 300 போதும். அதே ஆட்டுக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்கிக்கொண்டு, பருவம் தள்ளிப் போகும். குறித்த மணிக்கு விந்து போட்டதெல்லாம் வீண்.

தேதிக்கணக்கு இன்னொன்று. சினைக்காலம் 150 நாள். டிசம்பர் 5-ல் சேர்த்தால் மே 4-ல் குட்டி, சரியாகக் கத்திரி தொடங்கும் நாள். வேலூர் வெயிலில், தழை காய்ந்த நேரத்தில், எல்லா ஆடும் ஒரே வாரத்தில் குட்டி போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15-ல் சேர்த்தால் ஜனவரி 12, பொங்கலை ஒட்டி; மழைக்குப் பின் வரப்பெல்லாம் பச்சை, கடலைக்கொடியும் போரில் இருக்கும். ஆனால் மே வெயிலில் வாடிய கிடாவின் விந்து தேற ஏழு வாரமாவது வேண்டும். அதனால் ஜூனில் அவசரப்படாதீர்கள்.

ரெண்டு ஊசி முறை, 11 நாள் இடைவெளியில் புரோஸ்டாகிளாண்டின். நூல் இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் ஏற்கெனவே தானாகப் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஆட்டுக்கு மட்டும்தான் பலிக்கும். குட்டி போட்டு மெலிந்து கிடப்பதற்குப் போட்டும் பயனில்லை. சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி வீசிவிடும். செம்மறிக்குச் சினையின் பிற்பாதியில் நஞ்சுக்கொடியே தாங்கிக்கொள்ளும். வெள்ளாட்டுக்குக் கடைசி நாள்வரை கருப்பையையொட்டிய சினைப்பையில் உள்ள மஞ்சள் திட்டுதான் சினையைக் காக்கிறது, இந்த மருந்து அதைத்தான் கரைக்கிறது. எனவே கிடா கூடவே மேயும் மந்தையில் ஸ்கேன் பார்க்காமல் ஊசியைத் தொடவே கூடாது. தோல் வழியாகவும் ஏறும் மருந்து இது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாளக் கூடாது.

நியாயமாக மார்க் போட்டால் ஸ்பாஞ்சுக்குத்தான் அதிகம். ஆனாலும் என் அடுத்த தொகுதிக்கு ஊசிதான். அந்த நூலை 11 நாள் காவல் காக்க இன்னொரு முறை பொறுமை இல்லை. நண்பரிடம் எட்டு ஆடும் ஒரே கிடாவும். எட்டும் ஒரே நாளில் பருவத்துக்கு வந்தால், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு முறை சேர்க்க அந்தக் கிடாவால் முடியாது. நாலு நாலாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளி விட்டுச் செய்யட்டும்.