வீட்டுக் கூடத்தில் புரூக்ளின் நடன வகுப்பு: ‘டான்ஸ் ஃபார் பிடி’ எப்படி இருக்கிறது?

பார்க்கின்சன் நோய் உள்ளவர் வீட்டிலிருந்தே சேரக்கூடிய நடன வகுப்பு எது என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது நியூயார்க்கின் மார்க் மாரிஸ் நடனக் குழு நடத்தும் ‘டான்ஸ் ஃபார் பிடி’ (பிடி என்பது PD, பார்க்கின்சன் நோயின் ஆங்கிலச் சுருக்கம்). கட்டணம் கிடையாது. பதிவு செய்த வகுப்புகள் இணையத்தில் இருக்கின்றன, நேரலையும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் பகுதிக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகத் தரலாம். நின்று, நடந்து ஆடும் பகுதிக்கு ஐந்துக்கு மேல் போட மனம் வரவில்லை. பாடத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், திரைக்குள் இருப்பவர் கை கொடுக்க மாட்டார்.

இது தொடங்கியது 2001இல். புரூக்ளின் பார்க்கின்சன் குழுவை நடத்திவந்த ஓலி வெஸ்ட்ஹைமர், மார்க் மாரிஸ் குழுவிடம் போய்க் கேட்டது எளிய கோரிக்கை: நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வேண்டாம், உண்மையான நடன வகுப்பு எடுங்கள். நடனக் கலைஞர் மேடையில் என்ன செய்கிறார்? அடுத்த அசைவை மனதுக்குள் முன்கூட்டியே பார்த்து, தாளத்தோடு கோத்து, கண்ணையும் காதையும் துணைக்கு வைத்து உடலை நகர்த்துகிறார். பார்க்கின்சனில் தானாக நடக்க வேண்டிய அசைவு தானாக நடக்காது, யோசித்துத்தான் நடத்த வேண்டும். இரண்டு பேருக்கும் தேவைப்படும் திறமை ஒன்றே என்பது அவர் வாதம். மார்க் மாரிஸ் குழுவின் டேவிட் லெவெந்தால் தொடக்க காலத்திலிருந்தே இதில் ஆசிரியராக இருப்பவர். இன்று பல நாடுகளில் இதே முறையில் பயிற்சி பெற்றவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள். புனேயில் ஹ்ருஷிகேஷ் பவார் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு நடத்துவது நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட முயற்சி.

நேரடி வகுப்பு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் தொடங்குகிறது. மூச்சு, தோள், முதுகுத் திருப்பம், கைகள், விரல்கள், பிறகு கால் நீட்டல், குதிகால்–முன்பாதத் தட்டல். அடுத்தது கம்பியையோ நாற்காலி முதுகையோ பிடித்து நின்று முழங்கால் மடக்கி நிமிர்தல், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுதல். அதன் பின் அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இசையோடு நடை. கடைசியில் வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி முடிப்பார்கள். பாலே, மாடர்ன், டாப், நாட்டுப்புற ஆட்டம், மார்க் மாரிஸின் சொந்தப் படைப்புகளிலிருந்து துண்டுகள் எல்லாம் கலந்து வரும். துணைக்கு வந்த கணவனோ மனைவியோ சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தேவையில்லை, அவர்களையும் ஆட அழைப்பார்கள். வகுப்பில் யார் நோயாளி, யார் துணை என்று பிரித்துக் கேட்பதில்லை.

பாடம் சொல்லும் விதத்தில்தான் இதன் சிறப்பு. “கையைத் தொண்ணூறு டிகிரிக்கு உயர்த்தி பத்து முறை செய்யுங்கள்” என்று யாரும் சொல்வதில்லை. மேலே இருக்கும் எதையோ எட்டிப் பறிப்பதாக, தண்ணீரை இரு பக்கமும் விலக்குவதாக ஒரு படத்தைக் கொடுக்கிறார்கள். கை தானாகப் பெரிதாக விரிகிறது. பார்க்கின்சனில் அசைவுகள் சுருங்கிப்போகும், எழுத்து பொடியாகும், அடி குறுகும், முகத்தில் பாவம் மங்கும். ஆனால் சுருங்குகிறது என்பது பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாது. “பெரிதாகச் செய்” என்று சொல்வதைவிட, பெரிதாகச் செய்ய ஒரு காரணம் கொடுப்பது பலன் தருகிறது.

தாளத்தின் வேலை வேறு. இந்த நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் பாதிக்கப்படுவது, மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் அடித்தள முடிச்சுகள். ‘இப்போது தொடங்கு, இப்போது மாற்று’ என்று உள்ளிருந்து வர வேண்டிய சைகை அங்கேதான் தடுமாறுகிறது. வெளியிலிருந்து சீரான ஒலி வந்தால், சிறுமூளையும் மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதிகளும் அந்தச் சைகைக்கு மாற்று வழி தருவதாகக் கருதப்படுகிறது. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை உறைந்து நிற்பவர் நாதஸ்வர–தவில் ஓசைக்கு நடந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆய்வு என்ன சொல்கிறது? செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னியும் காமன் எர்ஹார்ட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 58 பேர். ஒரு பிரிவு அர்ஜென்டினா டாங்கோ, ஒரு பிரிவு வால்ட்ஸ்–பாக்ஸ்ட்ராட், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. 13 வாரத்தில் 20 வகுப்பு. ஆடிய இரு பிரிவினருக்கும் சமநிலை தேறியது, சில அளவுகளில் டாங்கோ முந்தியது. டாங்கோவில் பின்னோக்கி நடப்பதும், நின்று மீண்டும் தொடங்குவதும் ஓயாமல் வருகின்றன, இந்த நோயில் மிகவும் சிரமமானவை அவையே. 2012இல் டங்கனும் எர்ஹார்ட்டும் 62 பேரை வைத்து, வாரம் இருமுறை, ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மாத்திரை போடாத நிலையில் அளந்தபோது ஆடியவர்களின் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் 28.7 சதவீதம் குறைந்திருந்தது. ஆடாதவர்களிடம் மாற்றம் இல்லை. கனடாவில் யார்க் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட மூன்றாண்டு ஆய்வில், வாரம் ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் ஆடிய 16 பேரிடம் இயக்கக் குறைபாடு எதிர்பார்த்த அளவுக்கு மோசமாகவில்லை. இந்தக் கடைசி ஆய்வைத்தான் பலரும் ‘நடனம் நோயை நிறுத்திவிடும்’ என்று பகிர்கிறார்கள். அதில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. வகுப்புக்கு மூன்று வருடம் தவறாமல் வரக்கூடியவர் ஏற்கெனவே ஓரளவு நல்ல நிலையில் இருப்பவர்தானே. அறிகுறி தணிகிறது, நடை தேறுகிறது என்பது வரை நம்பலாம். மாத்திரையைக் குறைக்கலாம் என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நாற்காலிதான் முதல் சிக்கல். எல்லார் வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது. பக்கவாட்டில் சாய்ந்தால் அதன் கால் டைல்ஸ் தரையில் விரிந்து வழுக்கும். மரத்தாலோ இரும்பாலோ ஆன, சக்கரமில்லாத, சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிந்து முழங்கால் செங்கோணத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலோருக்கு 45 செ.மீ. உயரம் சரியாக வரும். கையில்லாத நாற்காலியில் தோள் நன்றாக விரியும். ஆனால் உடல் ஒரு பக்கம் சாய்பவர்களுக்கும், மாத்திரையின் உச்சத்தில் உடல் தானாக நெளிபவர்களுக்கும் கை வைத்த நாற்காலியே பாதுகாப்பு. நின்று ஆடும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு நாற்காலியின் முதுகைக் காட்டுவார்கள். அதன் மேல் எடையைப் போட்டால் நாற்காலியோடு ஆளும் கவிழ்வார். சமையல் மேடை விளிம்போ சுவரில் பதித்த கம்பியோ நல்லது.

திரையைத் தலை உயரத்தில் வையுங்கள். மடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால், ஏற்கெனவே கூன் விழும் முதுகை ஒரு மணி நேரம் கூனச் சொல்லிப் பயிற்றுவித்தது போல் ஆகிவிடும். டிவியில் இணைத்து ஆறேழு அடி தள்ளி உட்காருவதே சரி. ஒலி காதுக்குத் தெளிவாக வர வேண்டும். வகுப்பில் வாசிக்கும் பியானோவின் தாளம் கேட்காவிட்டால் வகுப்பின் பாதி பயன் போயிற்று.

தரை காய்ந்திருக்கட்டும், மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். சாக்ஸ் மட்டும் போட்டு ஆடக் கூடாது. அழுத்தமான ரப்பர் அடியுள்ள ஷூவும் ஆபத்து. பாதத்தை இழுத்து நடப்பவருக்கு அது தரையில் மாட்டி முன்னே தள்ளிவிடும். காய்ந்த தரையில் வெறுங்கால் பலருக்குப் பொருந்தும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மட்டும் வெறுங்காலில் ஆடக் கூடாது.

நேரம் மாத்திரையைப் பொறுத்தது. பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபா போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் பலருக்கும் உடல் இளகும், அந்த நேரத்தில் வகுப்பைத் தொடங்குங்கள். பருப்பு, முட்டை, பால் என்று புரதம் கனமாகச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அது உறிஞ்சப்படுவது பின்தங்கும், வகுப்பு முடியும்போதுதான் கால் இளகும். நேரலைக்கு நியூயார்க் நேரம் ஒரு சிக்கல்: உதாரணமாக, அங்கே பிற்பகல் 2 மணி என்பது அவர்களின் கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. ஆகவே நேரலையை மறந்துவிட்டுப் பதிவையே பிடித்துக்கொள்வது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நல்லது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். லண்டனிலும் டொராண்டோவிலும் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உட்கார்ந்த பகுதியிலிருந்து எழும் இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பார்க்கின்சனிலும் அதன் மாத்திரைகளாலும், எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியலாம். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீடியோவை நிறுத்தி, தண்ணீர் குடித்து, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்படி குனிந்து எழ வேண்டும். நேராக மேலே எழ முயல்பவர் பின்னால் சரிந்து உட்காருவார்.

நடக்கும்போது கால் ஒட்டிக்கொண்டால் துணைக்கு இருப்பவர் கையைப் பிடித்து இழுப்பது வழக்கம். அதைச் செய்யவே கூடாது. உடல் முன்னே வரும், பாதம் அங்கேயே நிற்கும். இசையை விடாமல் அப்படியே நின்று, எடையை இடம் வலமாக இரண்டு மூன்று தடவை மாற்றி, ‘ஒன்று’ என்று எண்ணி அடி வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் உங்கள் பாதத்தை அவர் முன்னே குறுக்கே வைத்து, தாண்டச் சொல்லுங்கள். தரையில் 40–50 செ.மீ. இடைவெளியில் நிறமுள்ள டேப் ஒட்டி வைத்தால் வகுப்பு இல்லாத நாளிலும் உதவும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாகச் சுற்றி வர வேண்டும். இசை வேகமாக இருந்தால் சிலருக்கு அடி பொடிப்பொடியாகி ஓட்டமாக மாறும். கால் ஒட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு வழக்கமான நடையைவிடச் சற்று மெதுவான தாளமே ஒத்துவரும். வீடியோவின் வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளலாம், பியானோ கொஞ்சம் சோகமாகக் கேட்கும், பரவாயில்லை. பின்னோக்கி நடக்கும் அடிகளைத் துணையில்லாமல் செய்யவே வேண்டாம்.

மொழி ஒரு தடை. ஆங்கிலத்தில் சொல்லும் உவமைகளே வகுப்பின் உயிர், அவை புரியாத பெரியவருக்கு இது வெறும் கை கால் ஆட்டல். வீட்டில் ஒருவர் முதல் தடவை தனியாகப் பார்த்து, நம் பேச்சில் மாற்றிச் சொல்ல வேண்டும். இசையையும் நம்முடையதாக மாற்றிக்கொள்ளத் தடையில்லை. விரல் பயிற்சி வரும் இடத்தில் ஆதி தாளம் போடலாம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை, மூன்று விரல்களுக்கும் தனித்தனி வேலை, கவனத்துக்கும் பயிற்சி. உட்கார்ந்தபடி எதிரெதிரே கோலாட்டம் ஆடினால் கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகும், எதிரே இருப்பவரின் குச்சி அடுத்த அசைவுக்குச் சைகையாகும். பரதநாட்டியத்தில் காலால் தட்டும் தட்டடவை நாற்காலியில் உட்கார்ந்து சொற்கட்டோடு தட்டலாம், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி வேண்டாம். கும்மியில் கைதட்டலை வைத்துக்கொண்டு குனிதலை விட்டுவிடுங்கள். குனிந்து நிமிரும்போது தலை சுற்றும்.

இந்த வகுப்பு பார்க்கின்சனுக்கென்றே வடிவமைத்தது. சிறுமூளைப் பாதிப்பால் நடை தள்ளாடும் நோய் (அட்டாக்சியா) உள்ளவர்களுக்குத் தாளம் அதே அளவு கைகொடுக்கும் என்று எண்ணி நின்று ஆட விடக் கூடாது. அவர்கள் உட்கார்ந்த பகுதியோடு நிறுத்தி, நின்று செய்வதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்ய வேண்டும். தசை இழுத்து முறுக்கும் டிஸ்டோனியாவில் குறிப்பிட்ட ஒரு அசைவே முறுக்கைக் கிளப்பலாம், அந்த அசைவை மட்டும் தவிர்த்து மற்றதை ஆடலாம். கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் விழுந்தவர் யாராக இருந்தாலும் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவர் முழு வகுப்பையும் ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் உட்கார்ந்த பகுதி மட்டும், இருபது இருபத்தைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு நாள். மூன்றாம் வாரத்திலிருந்து சமையல் மேடையைப் பிடித்து நிற்கும் பகுதி. நடைப் பகுதியை, கை கொடுக்க ஒருவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.