தம்பி அடிச்சானா, தம்பிய அடிச்சானா?

ஐந்து வயதுப் பையன். இரண்டு பொம்மைகளையும் மோதவிட்டு "நாய் பூன கடி" என்கிறான். யார் யாரைக் கடித்தது? அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சொற்கள் இருக்கின்றன, அவற்றை ஒட்டும் உருபைத்தான் காணோம். காது கேட்கிறது, விளையாட்டில் கெட்டி, ஆனால் வாக்கியம் மட்டும் வளரவில்லை. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று இதற்குப் பெயர். இங்கிலாந்தில் எடுத்த கணக்குப்படி முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது உண்டு.

பேச்சில் "பூனைய", "தம்பிய" என்று ஒலிக்கும் அந்த "ஐ" உருபை வரவைக்க ஸ்பீச் தெரபி அறைகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன. மூன்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஓரவஞ்சனை உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது "சொல்லு" வழி. படத்தைக் காட்டி, "சொல்லு: நாய் பூனைய கடிக்குது." குழந்தை திருப்பிச் சொன்னால் ஸ்டிக்கர். பெற்றோருக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் பார்த்தாலே பாடம் நடப்பது தெரிகிறது. எனக்கு இதில் இருக்கும் பெரிய குறை, சில பிள்ளைகள் "சொல்லு நாய் பூனைய கடிக்குது" என்று அந்த "சொல்லு"வையும் சேர்த்தே ஒப்பிப்பார்கள். அறைக்குள் பத்துக்குப் பத்து. வாசலில் செருப்பைப் போடும்போது பழையபடி "அம்மா தம்பி அடி."

இரண்டாவது, திருத்திச் சொல்லும் வழி. குழந்தை சொன்னதையே எடுத்து, சரியாக்கி, பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுப்பது. "நாய் பூன கடி" என்றால் "அய்யய்யோ, நாய் பூனைய கடிக்குதா!" அவ்வளவுதான். "தப்பு" என்று சொல்வதில்லை, திரும்பச் சொல்லச் சொல்வதுமில்லை. இதைப் பார்த்துவிட்டு ஒரு அப்பா, "நீங்க சும்மா வெளையாடிக்கிட்டுத்தானே இருக்கீங்க மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் ஸ்டீபன் கமராட்டாவும் கூட்டாளிகளும் 1994இல் இந்த இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு வருவதற்குத் திருப்பிச் சொல்ல வைப்பது உதவியது. ஆனால் யாரும் கேட்காமல், தன் பேச்சில் தானாக வருவது திருத்திச் சொல்லும் வழியில்தான் அதிகம். செருப்பு போடும் இடத்தில் நான் பார்ப்பதும் இதையேதான்.

ஆனால் நாளைக்கு மூன்று தடவை திருத்திச் சொல்லிவிட்டு "பலனில்லையே" என்றால் எப்படி? இதற்கு அடர்த்தி வேண்டும். எலேனா பிளான்டே குழுவின் 2014 ஆய்வில் ஒரு அமர்வுக்கு 24 தடவை திருத்திச் சொன்னார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு 12 வினைச்சொற்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மற்றப் பிரிவுக்கு 24ம் வெவ்வேறு வினை. வென்றது இரண்டாவது பிரிவு. ஒரே "கடிக்குது"வை அரைத்துக்கொண்டிருந்தால் குழந்தை "பூனையகடிக்குது" என்று ஒற்றைச் சொல்லாகவே மனப்பாடம் செய்துவிடும். தொரத்துது, நக்குது, தள்ளுது, தேடுது, முட்டுது என்று வினை மாறிக்கொண்டே இருந்தால்தான், மாறாமல் நிற்கும் "ஐ" காதில் விழும்.

மூன்றாவது, விதியைக் கண்ணுக்குக் காட்டும் வழி. இதற்கு இங்கிலாந்தில் இரண்டு பேர்பெற்ற முறைகள் உண்டு. அலிசன் பிரையனின் நிற அட்டைகள்: "யார்" ஆரஞ்சு, "என்ன செய்கிறார்" மஞ்சள், "எதை" பச்சை, "எங்கே" நீலம். இன்னொன்று சர்ரேயில் உள்ள மூர் ஹவுஸ் பள்ளியில் சூசன் எபல்ஸ் வளர்த்த வடிவக் குறியீடு, அதாவது வாக்கியத்தின் பகுதிகளுக்கு ஆளுக்கொரு வடிவம். பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் அது பலன் தந்திருக்கிறது.

நிற அட்டைகளை நெட்டிலிருந்து அப்படியே அச்செடுத்து வந்து பயன்படுத்தியது நான் செய்த முட்டாள்தனம். அது ஆங்கில வரிசை, அதில் மஞ்சள் இரண்டாவதாக வரும். இரண்டே வாரத்தில் ஒரு பெண் "அண்ணன் சாப்பிடுறான் இட்லி" என்று பேச ஆரம்பித்தாள். மஞ்சளைக் கடைசிக்குத் தள்ளினேன். அப்போதும் பாதிதான் சரியானது. ஆங்கிலத்தில் யார் யாரைக் கடித்தார் என்பதை இடம் சொல்லிவிடும். தமிழில் அதைச் சொல்வது உருபு. அட்டைகளை வரிசையாக வைப்பதால் மட்டும் நம் பிள்ளைக்கு எதுவும் விளங்காது.

அதனால் துணி காயப்போடும் கிளிப் வாங்கினேன். ஒன்றில் "ஐ", ஒன்றில் "க்கு", ஒன்றில் "கூட" என்று எழுதி ஒட்டினேன். பூனை அட்டையில் "ஐ" கிளிப். "கிளிப் யாருமேல இருக்கோ அவங்கதான் கடி வாங்குவாங்க." பிறகு அட்டைகளை இடம் மாற்றி வைப்பேன்: பூனைய, நாய், கடிக்குது. "இப்ப யாருக்கு வலிக்கும்?" முதல் நாள் எல்லோரும் நாய் என்பார்கள். கிளிப்பைத் தொட்டுக் காட்டியதும் ஒரு சிரிப்பு வரும். கிளிப்பைக் கழற்றி நாய்மேல் மாட்டி நாயைக் கடிபட வைக்கும் விளையாட்டு அப்புறம் தானாகவே தொடங்கிவிடும்.

இலக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "தோசை சாப்பிட்டான்" என்பதில் "ஐ" இல்லாதது தவறே இல்லை, நாமும் அப்படித்தான் பேசுகிறோம். அதைப் போய்த் திருத்தினால் நேரம்தான் வீண். "தம்பி அடிச்சான்" என்பதும் "தம்பிய அடிச்சான்" என்பதும் வேறு வேறு செய்தி, திருத்த வேண்டிய இடம் அது. எனவே பொம்மைகளில் ஆளும் மிருகமும்தான் வேண்டும், தோசையும் பந்தும் வேண்டாம்.

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் "அக்கா வந்துச்சு" என்ற குழந்தையை நான் "அக்கா வந்தா" என்று மெனக்கெட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் அமர்வில் பாட்டி பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏம்மா, நானே அக்கா வந்துச்சுன்னுதான் சொல்லுவேன். எனக்கென்ன பேசத் தெரியாதா?" அன்றோடு விட்டேன். இப்போதெல்லாம் முதல் நாளே வீட்டுப் பேச்சைப் பத்து நிமிடம் பதிவு செய்து கேட்டுவிட்டுத்தான் இலக்கு எழுதுகிறேன்.

ஆப்புகள், ஒர்க்‌ஷீட்டுகள் பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலானவை "சொல்லு" வழியைத் திரையில் ஏற்றியவை. அதிலும் எழுத்துத் தமிழ். "துரத்துகிறது" என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்?

சரி, எதை எடுப்பது? நான்கு வயதுக்காரருக்குத் திருத்திச் சொல்லுதல், வேறெதுவும் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் கிளிப்பில் தொடங்குவேன். அந்த வயதில் "ஏன்" என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கு ஒட்டுகிறது, பள்ளிக்கூட எழுத்துத் தமிழுக்கும் அதே கிளிப் உதவுகிறது. நடுவில் உள்ள ஐந்து முதல் எட்டு வயதுக்கு இரண்டையும் கலப்பேன். லிஸ்பெத் ஃபைன்ஸ்டாக் 2018இல் இதே வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பனையான இலக்கண வடிவங்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது, மாதிரியோடு விதியையும் சேர்த்துச் சொன்னதுதான் மேலாக இருந்தது. எனவே ஐந்து நிமிடம் கிளிப், மிச்ச நேரம் முழுக்க விளையாட்டும் திருத்திச் சொல்லலும். "சொல்லு"வை முழுக்கத் தூக்கி எறியவில்லை. உருபை வாயில் உச்சரிக்கவே வராத பிள்ளைக்கு முதல் ஓரிரு வாரம் வைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு நான் கொடுத்தனுப்புவது ஒரே வேலை: ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், அன்று யார் யாரை என்ன செய்தார்கள் என்று பேசுங்கள். அண்ணன் தம்பி சண்டை நடக்கும் வீடு என்றால் இன்னும் நல்லது, 24 வினைச்சொல்லும் ஒரே நாளில் கிடைத்துவிடும்.